அரசு வக்கீலுக்கு ஒரு புலனாய்வாளர் எதற்கு?

ஒரு கொலை வழக்கை எடுத்துக்கொள்வோம். விசாரணைக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அரசு வக்கீல் முக்கிய சாட்சியைத் தன் அறைக்கு வரவழைத்துப் பேசுகிறார். "துப்பாக்கியை அவன் கையில்தான் பார்த்தேன்" என்கிறார் சாட்சி. கோர்ட்டில் கூண்டில் ஏறியதும், "இருட்டாக இருந்தது, ஒன்றும் தெரியவில்லை. நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று பல்டி அடிக்கிறார். அன்று அறையில் இருந்தவர்கள் இரண்டே பேர். சாட்சி மாற்றிப் பேசுவது வக்கீலுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அவர் மேசையை விட்டு எழுந்து போய், கூண்டில் ஏறி, "என்னிடம் இவர் இப்படித்தான் சொன்னார்" என்று பிரமாணம் செய்து சொல்ல முடியாது. ஒரே வழக்கில் வாதாடுகிறவரே சாட்சியாகவும் இருக்கக் கூடாது என்பது அமெரிக்க வக்கீல்களின் தொழில் விதி. இரண்டையும் ஒருவரே செய்தால், எது வாதம் எது சாட்சியம் என்று ஜூரிக்குக் குழம்பிவிடும்.

ஆகவே, விவரம் தெரிந்த அரசு வக்கீல் சாட்சியைத் தனியாகப் பார்ப்பதில்லை. அறையில் மூன்றாவதாக ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சாட்சி பின்னால் மாற்றிப் பேசினால் கூண்டில் ஏறப்போகிறவர் அவர்தான். மாவட்ட அரசு வக்கீல் அலுவலகத்தின் புலனாய்வாளர் என்ற வேலையைப் புரிந்துகொள்ள இதுதான் நல்ல வாசல். திருடனைத் துரத்திப் பிடிப்பது அந்த வேலையில் ஒரு சிறு பகுதி. பிடிபட்டவன் மேல் போட்ட வழக்கு கோர்ட்டில் நிற்குமா என்று பார்ப்பதுதான் பெரும்பகுதி.

அந்த அலுவலகத்தைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பெரும்பாலான குற்ற வழக்குகள் மாநிலச் சட்டப்படி, கவுன்ட்டி அளவில் நடக்கின்றன. ஒவ்வொரு கவுன்ட்டிக்கும் பொதுவாக ஒரு தலைமை அரசு வக்கீல். டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி என்பது முழுப்பெயர், எல்லோரும் டி.ஏ. என்பார்கள். அலாஸ்கா, நியூ ஜெர்சி போன்ற சில மாநிலங்களைத் தவிர மற்ற இடங்களில் அவரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். போலீஸ் கைது செய்யும். யார் மேல் என்ன குற்றச்சாட்டு, வழக்கு போடுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர் டி.ஏ. மத்திய நீதித்துறை 2007ல் எடுத்த கணக்கின்படி நாடு முழுக்க 2,330 அலுவலகங்கள். அவற்றில் ஏறக்குறைய முக்கால்வாசி, ஒரு லட்சத்துக்கும் குறைவான மக்கள் உள்ள சின்ன ஊர்ப்புறங்களில் இருந்தன. அங்கெல்லாம் புலனாய்வாளர் என்று ஒருவர் இருந்தாலே பெரிய விஷயம். மறுகோடியில் லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டி: கிட்டத்தட்ட ஒரு கோடி மக்கள், சுமார் ஆயிரம் அரசு வக்கீல்கள், அவர்களுக்குப் பக்கபலமாகத் துப்பாக்கியும் பேட்ஜும் தாங்கிய ஏறத்தாழ 300 புலனாய்வாளர்கள்.

நம் ஊர் வழக்கப்படி யோசித்தால் இந்த ஏற்பாடு வினோதமாகத் தெரியும். இந்தியாவில் புலன் விசாரணை போலீஸின் வேலை. குற்றப்பத்திரிகை தாக்கலான பிறகுதான் அரசு வக்கீல் முறைப்படி உள்ளே வருகிறார். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், குற்றப்பத்திரிகைக்கு முன் அரசு வக்கீலின் கருத்தைக் கேளுங்கள் என்று உயர் நீதிமன்றம் போலீஸுக்கு உத்தரவிட்டிருந்தது. அதுகூடச் சரியல்ல என்று 2000ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அமெரிக்கர்கள் நேர் எதிர்த் திசையில் போய், வக்கீலின் அலுவலகத்துக்குள்ளேயே ஒரு சிறு போலீஸ் படையை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். கலிபோர்னியாவில் குற்றவியல் சட்டத்தின் 830.1 பிரிவு, டி.ஏ. புலனாய்வாளரை நகரப் போலீஸுக்கும் ஷெரிஃபின் ஆட்களுக்கும் சமமான அதிகாரியாகப் பட்டியலிடுகிறது. கைது செய்யலாம், வாரன்ட் வாங்கிச் சோதனை போடலாம். நியூ ஜெர்சியில் இன்னும் ஒரு படி மேலே: அங்கே கொலை வழக்குகளைப் பெரும்பாலும் கவுன்ட்டி அரசு வக்கீல் அலுவலகத்தின் புலனாய்வாளர்களே முன்னின்று விசாரிக்கிறார்கள்.

இந்த வேலைக்கு வருகிறவர்களில் பலருக்கு இது இரண்டாவது இன்னிங்ஸ். நகரப் போலீஸில் பத்துப் பதினைந்து வருஷம் ஓடி, திருட்டு, பாலியல் குற்றம், கொலை என்று பிரிவு பிரிவாக வேலை பார்த்தவர்கள். ராத்திரி ரோந்து கிடையாது, யூனிஃபார்ம் கிடையாது, பெரும்பாலும் சட்டை டையோடு பகல் வேலை என்பது ஒரு கவர்ச்சி. ஆனால் வந்து சேர்ந்ததும் ஒரு புத்தி மாற்றம் தேவைப்படுகிறது. ஸ்டேஷனில் இருந்தவரை, ஆளைப் பிடித்து ஒப்படைத்தால் கேஸ் முடிந்தது. இங்கே அந்த இடத்தில்தான் கேஸ் தொடங்குகிறது. ஒருவரைக் கைது செய்யப் போதுமான காரணம் வேறு. பன்னிரண்டு ஜூரர்களும் நியாயமான சந்தேகம் துளியும் இல்லாமல் நம்புவதற்கான ஆதாரம் வேறு. நடுவில் இருக்கும் தூரம் மிகப் பெரியது.

போலீஸ் அனுப்பிய கேஸ் கட்டு வக்கீல் மேசைக்கு வருகிறது. அவர் படித்துவிட்டுக் கேள்விகளை எழுதிப் புலனாய்வாளருக்கு அனுப்புகிறார். எதிர்க் கடையில் கேமரா இருந்ததே, அந்தப் பதிவை யாராவது வாங்கினார்களா? ஆம்புலன்ஸில் வந்தவர்களிடம் யாரும் பேசவில்லையே, அடிபட்டவர் வழியில் என்ன சொன்னார்? சம்பவம் நடந்தபோது தெருவிளக்கு எரிந்ததா? எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கக்கூடியதையெல்லாம் அவருக்கு முன்பே கேட்டுப் பார்ப்பதுதான் இதன் சாரம். புலனாய்வாளர் அதே மணி நேரத்தில், அதே இடத்தில் போய் நின்று, சாட்சி நின்றதாகச் சொன்ன ஜன்னலிலிருந்து அந்தத் திருப்பம் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்க்கிறார். தெரியாவிட்டால் அதையும் எழுத வேண்டும்.

பிறகு ஆளைத் தேடும் வேலை. இதைப் பற்றி டி.வி. தொடர்கள் காட்டுவதே இல்லை. எனக்கோ இந்தத் தொழிலின் உயிரே இதுதான் என்று படுகிறது. குற்றம் நடந்து விசாரணைக்கு வருவதற்குள் ஒன்றிரண்டு வருஷம் ஓடிவிடுகிறது. சாட்சி வீடு மாறியிருப்பார், போன் நம்பர் மாறியிருக்கும், கல்யாணமாகிப் பெயரே மாறியிருக்கும். சிலர் சிறையில் இருப்பார்கள், சிலருக்குத் தெருவோரக் கூடாரமே வீடு. அவர்களைக் கண்டுபிடித்து, சம்மனைக் கையில் கொடுத்து, குறித்த நாளில் கோர்ட்டுக்கு வரவைக்க வேண்டும். அத்தைமார், முன்னாள் முதலாளி, வழக்கமாகச் சாப்பிடும் கடை என்று விசாரித்துப் போய்க் கதவைத் தட்டினால், திறப்பவர் முகத்தில் மகிழ்ச்சி இருக்காது. "அந்தக் கேஸை நான் மறந்துவிட்டேன், என்னை விட்டுவிடுங்கள்" என்பார்கள். மிரட்டினால் வாயை மூடிக்கொள்வார்கள். ஏதாவது கொடுப்பதாக ஆசை காட்டினால் அது நாளைக்குக் குறுக்கு விசாரணையில் வெளியே வந்து வழக்கையே சாய்த்துவிடும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள யாருமில்லை என்றால் அதற்கு வழி, வேலைக்கு லீவு கிடைக்காது என்றால் முதலாளிக்கு ஒரு கடிதம், வண்டி இல்லை என்றால் காலையில் தானே போய் ஏற்றிக்கொண்டு வருவது. இப்படித்தான் சாட்சிகள் கோர்ட்டுக்கு வந்து சேர்கிறார்கள்.

சாட்சியின் உயிருக்கு ஆபத்து என்றால் கதை இன்னும் கனமாகிறது. சினிமாவில் வருவது போலப் புதுப்பெயர், புது அடையாளம் கொடுப்பது மத்திய அரசின் திட்டம். கலிபோர்னியாவில் டி.ஏ. அலுவலகங்களுக்கு மாநில அரசு பணம் தரும் திட்டம் அடக்கமானது: வேறு ஊரில் ஒரு வீடு, அட்வான்ஸ், சில மாத வாடகை, சாமான் ஏற்றிப் போகும் செலவு. நடைமுறையில், கும்பல் வழக்கில் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்ட ஒரு தாயையும் பிள்ளைகளையும் அகாலத்தில் வேறு ஊருக்குக் கூட்டிப் போவதும், அதற்கப்புறம் "என் அம்மாவைப் பார்க்க ஒரு நாள் போய் வரட்டுமா" என்று அவள் போன் செய்யும்போதெல்லாம் பதில் சொல்வதும் புலனாய்வாளர்தான்.

இதற்கெல்லாம் எதிர்த்துருவம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்காரும் வேலை. சிறையிலிருந்து கைதிகள் வெளியே பேசும் போன்கள் பதிவாகின்றன. ஒவ்வொரு அழைப்பின் தொடக்கத்திலும், இது பதிவு செய்யப்படுகிறது என்று இயந்திரக் குரல் எச்சரிக்கிறது. அதைக் கேட்டுவிட்டும் மனிதர்கள் பேசுகிறார்கள்! அந்தப் பெண்ணை வாய்தாவுக்கு வரவிடாதே என்கிறார்கள். வண்டியின் டிக்கியில் இருப்பதை எடுத்துவிடு என்கிறார்கள். மணிக்கணக்கில் சொந்தக் கதைகளைக் கேட்ட பிறகு அப்படி ஒரு வாக்கியம் கிடைக்கும். வக்கீலோடு பேசும் அழைப்பை மட்டும் தொடக் கூடாது. அதேபோல, ஒருவர் எங்கெங்கே போனார் என்று செல்போன் கோபுரங்களின் பழைய பதிவைப் பார்க்க, பொதுவாகத் தேடுதல் வாரன்ட் வேண்டும் என்று 2018ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. வாரன்ட் கேட்டு நீதிபதிக்குப் பிரமாணப் பத்திரம் எழுதுவதால், இந்த வேலையில் நன்றாக எழுதத் தெரிந்திருப்பது நன்றாகச் சுடத் தெரிந்திருப்பதைவிடப் பல மடங்கு பயன்படுகிறது.

இவ்வளவு தயாரிப்புக்குப் பிறகும் பெரும்பாலான வழக்குகள் விசாரணைக்கே வருவதில்லை. மாநிலக் கோர்ட்டுகளில் தண்டனையில் முடியும் வழக்குகளில் 94 சதவீதம், குற்றவாளியே குற்றத்தை ஒப்புக்கொண்டு பேரத்தில் முடிப்பவை என்று உச்ச நீதிமன்றமே 2012ல் ஒரு தீர்ப்பில் குறிப்பிட்டது. புலனாய்வாளரின் கட்டு எவ்வளவு கெட்டியோ அந்த அளவுக்குப் பேரம் அரசுத் தரப்புக்குச் சாதகமாக இருக்கும்.

போலீஸ் தொடங்கிய வழக்குகளை முடித்துக்கொடுப்பது மட்டுமில்லாமல், டி.ஏ. அலுவலகம் தானே தொடங்கும் வழக்குகளும் உண்டு. உள்ளூர் அதிகாரிகளின் ஊழல், இன்சூரன்ஸ் மோசடி, முதியவர்களின் வீட்டை எழுதி வாங்கும் வேலைகள் என்று ஒரு வரிசை. கலிபோர்னியாவில் ஒரு விசேஷமான கடமை உண்டு. பெற்றோரில் ஒருவர் கோர்ட் உத்தரவை மீறிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால், தேடிக் கண்டுபிடித்து மீட்பதைக் குடும்பச் சட்டம் டி.ஏ. அலுவலகத்தின் தலையில் கட்டியிருக்கிறது. குழந்தையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோனால், 1980ன் ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடு என்றால் திருப்பிக் கேட்க ஒரு பாதை இருக்கிறது. இந்தியா அதில் சேரவில்லை. அமெரிக்காவில் பிரிந்த இந்தியத் தம்பதிகளின் வழக்குகள் இழுபடுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

பழைய, ஆறிப்போன வழக்குகளும் இந்த அலுவலகங்களில்தான் பல சமயம் தூசு தட்டப்படுகின்றன. 1970களிலும் 80களிலும் கலிபோர்னியாவை நடுங்க வைத்த, பின்னாளில் கோல்டன் ஸ்டேட் கில்லர் என்று பெயர் வாங்கிய ஆள் பல பத்தாண்டுகள் அகப்படவில்லை. கான்ட்ரா காஸ்டா கவுன்ட்டியில் தடயவியல் நிபுணராகத் தொடங்கி, கடைசியில் டி.ஏ. அலுவலகத்தின் புலனாய்வாளராக இருந்த பால் ஹோல்ஸ், 1990களிலிருந்து அந்தக் கேஸை விடாமல் தொடர்ந்தவர். வென்சுரா கவுன்ட்டியில் 1980ல் நடந்த ஓர் இரட்டைக் கொலையில் சேகரித்த மாதிரி பத்திரமாக இருந்தது. அதிலிருந்து எடுத்த டி.என்.ஏ. விவரத்தை, மக்கள் தங்கள் வம்சாவளியைத் தேடப் பயன்படுத்தும் ஜெட்மேட்ச் என்ற தளத்தில் ஏற்றினார்கள். குற்றவாளி அதில் இல்லை. மிகத் தூரத்துச் சொந்தங்கள் சிலர் இருந்தார்கள். அவர்களுக்குப் பொதுவான கொள்ளுப்பாட்டன், எள்ளுப்பாட்டன் வரை மேலேறி, அங்கிருந்து கிளை கிளையாகக் கீழிறங்கி, வயதும் ஊரும் பொருந்துகிற ஆண்களை வடிகட்டினார்கள். வெவ்வேறு கவுன்ட்டி டி.ஏ. அலுவலகங்களின் புலனாய்வாளர்களும் ஒரு மரபியல் ஆய்வாளரும் சேர்ந்து செய்த வேலை இது.

மிஞ்சியவர்களில் ஒருவர் ஜோசப் டிஏஞ்சலோ, அப்போது 72 வயது. முன்னாள் போலீஸ்காரர், 1979ல் ஒரு கடையில் சுத்தியலும் நாய் விரட்டும் மருந்தும் திருடி வேலையை இழந்தவர். ஓய்வு பெறும் தறுவாயில் ஹோல்ஸ் அந்த வீட்டுக்கு எதிரே காரை நிறுத்தி, போய்க் கதவைத் தட்டலாமா என்று யோசித்துவிட்டுத் திரும்பிவிட்டதாகப் பின்னர் சொன்னார். தட்டாமல் போனதுதான் சரி. சொந்தக்காரர்களின் டி.என்.ஏ. ஒரு துப்பு மட்டுமே, கோர்ட்டில் காட்டும் ஆதாரம் ஆகாது. அந்த ஆளின் மாதிரியே நேரடியாக வேண்டும். வண்டியைக் கடை வாசலில் நிறுத்தியிருந்தபோது கதவுக் கைப்பிடியிலிருந்தும், பிறகு வீட்டுக்கு வெளியே வைத்த குப்பையிலிருந்தும் மாதிரி எடுத்துப் பொருத்திப் பார்த்த பிறகே 2018 ஏப்ரல் 24 அன்று கைது நடந்தது. 2020ல் அவர் 13 கொலைகளை ஒப்புக்கொண்டு, பரோல் இல்லாத ஆயுள் தண்டனை பெற்றார். அவர் செய்த பழைய பாலியல் வன்முறைகளில் பலவற்றுக்கு வழக்குப் போடும் கால வரம்பு எப்போதோ முடிந்திருந்தது. வம்சாவளி தேட வந்தவர்களின் ரத்தத்தைப் போலீஸ் துழாவலாமா என்ற கேள்வி எழுந்து, 2019ல் அந்தத் தளம், சம்மதம் தெரிவித்தவர்களின் விவரத்தை மட்டுமே போலீஸ் பார்க்கலாம் என்று விதியை மாற்றியது.

நமக்குப் பக்கத்து உதாரணம் ஒன்றும் இருக்கிறது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன நடராஜர் சிலையை, நியூயார்க்கில் கலைப்பொருள் கேலரி நடத்திய சுபாஷ் கபூரிடம் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008ல் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. நம் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு தொடங்கிய வழக்கில் கபூர் 2011ல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் பிடிபட்டு, 2012ல் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டார். 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டு தண்டனை விதித்தது. இதற்கிணையாக, மன்ஹாட்டன் டி.ஏ. அலுவலகம் மத்திய ஹோம்லேண்ட் செக்யூரிட்டி அதிகாரிகளோடு சேர்ந்து அவருடைய கேலரியையும் கிடங்குகளையும் சோதனையிட்டது. 2011 முதல் 2022 வரை கபூர் கூட்டத்திடமிருந்து மீட்டவை 2,500க்கும் மேற்பட்ட பொருள்கள். மதிப்பு 14 கோடி டாலருக்கும் மேல் என்கிறது அந்த அலுவலகம்.

அந்த வேலையின் கடினம் சோதனை போடுவதில் இல்லை. கிடங்கில் ஒரு வெண்கலச் சிலை இருப்பது குற்றமாகாது. அது திருட்டுப் பொருள் என்றும், வைத்திருந்தவருக்கு அது தெரியும் என்றும் காட்ட வேண்டும். இந்தியாவின் 1972ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்கு முன்பே சிலை நாட்டை விட்டு வந்துவிட்டது என்று சொல்லும் போலிக் காகிதங்கள் தயாராக இருந்தன. அவற்றை உடைத்தவை, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தினர் பல பத்தாண்டுகளுக்கு முன் தமிழகக் கோயில்களில் எடுத்து வைத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். காகிதம் சொல்லும் தேதிக்குப் பிறகு எடுத்த படத்தில் சாமி கோயிலிலேயே இருந்தால், காகிதம் பொய். மன்ஹாட்டன் அலுவலகம் 2017ல் இதற்கென்றே தனிப் பிரிவு தொடங்கியது. 2021 அக்டோபரில் ஒரே தடவையில் 248 பொருள்களை இந்தியாவிடம் ஒப்படைத்தது.

இனி சங்கடமான பக்கம். புலனாய்வாளருக்குச் சம்பளம் தருவது ஒரு தரப்பு வக்கீலின் அலுவலகம். ஆனால் அவர் கண்டுபிடிப்பது எதிர்த்தரப்புக்குச் சாதகமாக இருந்தாலும் மறைக்க முடியாது. 1963ல் மேரிலாந்து வழக்கு ஒன்றில், கொன்றது தானே என்று கூட்டாளி கொடுத்திருந்த வாக்குமூலத்தை அரசுத் தரப்பு வெளியே காட்டவில்லை. பிரேடி வழக்கு என்று பெயர் பெற்ற அதில், இப்படி மறைப்பது அரசியல் சட்டத்துக்கே விரோதம் என்றது உச்ச நீதிமன்றம். போலீஸுக்கு மட்டுமே தெரிந்த விஷயத்துக்கும் அரசு வக்கீலே பொறுப்பு என்று 1995ல் இன்னொரு தீர்ப்பு வந்தது. ஆகவே "சாட்சி நின்ற இடத்திலிருந்து பார்த்தால் தெரியாது" என்று புலனாய்வாளர் எழுதிய அந்த ஒரு வரி, எதிர்த்தரப்பு வக்கீலின் கைக்குப் போயாக வேண்டும்.

வக்கீலே புலனாய்வாளர் வேலையில் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இல்லினாய் மாநிலத்தின் டுபேஜ் கவுன்ட்டி வழக்கைச் சொல்வார்கள். 1983ல் ஒரு சிறுமி கொல்லப்பட்டாள். உடைத்த கதவில் ஒரு பூட்ஸ் தடம். அது தங்கள் சந்தேக நபரின் பூட்ஸ்தான் என்று சொல்ல நிபுணர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தயங்க, அரசு வக்கீல்கள் 'ஆமாம்' சொல்லும் நிபுணர் கிடைக்கும் வரை தேடினார்கள் என்பது புகார். அந்தச் சந்தேக நபர் மேல் போட்ட வழக்கு நிற்கவில்லை. வக்கீல்கள் மேல் அவர் நஷ்டஈட்டு வழக்குப் போட, 1993ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: கோர்ட்டில் வாதாடும்போது அரசு வக்கீலுக்குள்ள முழுப் பாதுகாப்பு, அவர் துப்புத் துலக்கும்போது கிடைக்காது. அப்போது அவரும் போலீஸ்காரர் போலத்தான்.

ஆனால் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. டெக்சஸில் டாலஸ் கவுன்ட்டியின் டி.ஏ.வாக இருந்த கிரெய்க் வாட்கின்ஸ், 2007ல் தன் அலுவலகமே முன்பு வாங்கிக்கொடுத்த தண்டனைகளை மறுபடி ஆராய ஒரு பிரிவு தொடங்கினார். சில வக்கீல்களோடு ஒரு புலனாய்வாளரும் அதில் இருந்தார். அந்த ஊர்ப் பரிசோதனைக்கூடம் பழைய மாதிரிகளைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால், பல வருஷம் உள்ளே கிடந்தவர்கள் நிரபராதிகள் என்று நிரூபணமாகி வெளியே வந்தார்கள். தன் அலுவலகத்தின் வெற்றியைத் தானே குலைக்கும் இந்த வேலைக்கு நல்ல புலனாய்வாளர்கள் விரும்பிப் போனால்தான் அந்தப் பிரிவுக்கு மரியாதை.

போலீஸ் சுட்டு ஒருவர் இறக்கும்போது விசாரிக்கப் போவதும் பல இடங்களில் இவர்கள்தான். இங்கே எனக்குச் சந்தேகம் உண்டு. நேற்று வரை அதே போலீஸ் துறையில் இருந்தவர், இன்றைக்கும் தன் வழக்குகளுக்கு அவர்களையே நம்பியிருப்பவர், அவர்களை விசாரிக்கிறார். நேர்மையாகவே செய்தாலும் வெளியிலிருப்பவர்கள் நம்புவது கடினம். கலிபோர்னியாவில் ஆயுதமில்லாத குடிமகனைப் போலீஸ் சுட்டுக் கொன்றால் மாநில நீதித்துறையே விசாரிக்க வேண்டும் என்று 2021ல் சட்டம் நடைமுறைக்கு வந்ததற்கு இந்த நம்பிக்கைக் குறைவே காரணம்.

வேலைக்கு எடுக்கும்போது பழைய வாழ்க்கையைக் குடைந்து பார்க்கிறார்கள். கடன், அண்டை வீட்டார், முந்தைய மேலதிகாரிகள் என்று எதையும் விடுவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாகத் தேடுவது, அறிக்கையில் பொய் எழுதினார் என்ற பதிவு எங்காவது இருக்கிறதா என்பதை. சாட்சியின் நம்பகத்தன்மையைக் கெடுக்கும் தகவலையும் எதிர்த்தரப்புக்குக் கொடுத்தாக வேண்டும் என்பது 1972லிருந்து சட்டம். பல டி.ஏ. அலுவலகங்கள் அப்படிப்பட்ட போலீஸ்காரர்களின் பெயர்களைப் பட்டியலாகவே வைத்திருக்கின்றன. பிரேடி பட்டியல் என்பார்கள். ரோந்துப் போலீஸ்காரர் ஒருவர் அதில் ஏறினால், அவரைக் கோர்ட்டுக்கு வர வேண்டாத வேறு ஏதாவது வேலையில் போடலாம். டி.ஏ. புலனாய்வாளர் பெயர் ஏறிவிட்டால், அவரை அந்த மூன்றாவது நாற்காலியில் உட்கார வைத்து ஒரு பயனும் இல்லை.